பீரோவின் மறுமுனை

மூன்றாவது மாடியில் ஒரு பீரோ இருக்கிறது. அதைக் கீழே தெருவில் நிற்கும் வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு முனையை ஒருவர் பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொருவர். படிக்கட்டு குறுகல், திருப்பம் அதிகம், பீரோவோ லேசில் அசைந்து கொடுக்காத ரகம். விளையாட்டு இவ்வளவுதான். சுடுவது, வெட்டுவது, பாய்வது எதுவும் இதில் கிடையாது. 'ஒரு கை பிடி' என்று பெயர். ஒற்றை ஆளாக ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏழு வருடம் இதைச் செய்தவனுக்கு நாற்பத்தோரு வயது, பாதித் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவனுடைய அக்கா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள். வேறு யாரும் அவனை எப்படியும் கூப்பிடுவதில்லை என்பதால் நாமும் தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா இருப்பது ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளி. இருவரும் போனில் பேசினால் நாற்பது நொடியில் பேச்சு தீர்ந்துவிடும். சாப்பிட்டியா, ஆச்சு, நீ, ஆச்சு, சரி வெச்சிடறேன். ஆனால் கையில் பீரோ இருந்தால் பேச்சு தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா தன் வீட்டு கேம் மெஷினைப் போடுவாள். தம்பி செய்துகொண்டிருந்த விளையாட்டின் சோதனைப் பிரதி ஒன்று அதில் இருந்தது. அவள் மேல்முனை, அவன் கீழ்முனை. அக்காவின் கணவருக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்னதை அவள் தம்பியிடம் சொன்னது இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டபோதுதான். அவர் போன பிறகு ஒரு ஞாயிறு, முதல் மாடிப் படியில் அவள் அழுதாள். "விட்டுடாதக்கா, விழுந்துடும்" என்றான் தம்பி. "பிடிச்சுட்டுத்தான்டா இருக்கேன், நீ இறங்கு" என்றாள் அக்கா, அழுதுகொண்டே. உலகத்தில் தம்பிக்கு என்று இருந்த பேச்சு இந்த ஒரு மணி நேரம்தான். மீதி ஆறு நாளும் அவன் கடைக்காரரிடம் "ஒரு பாக்கெட்" என்று சொல்வதோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான் நிறுவனம் அவனைத் தேடி வந்தது.

இந்த நிறுவனம் கேம் மெஷின் செய்கிறது. இன்னொரு நிறுவனமும் கேம் மெஷின் செய்கிறது. இரண்டு மெஷினும் ஒரே அளவு, ஒரே சத்தம், ஒரே சூடு. இதில் மஞ்சள் விளக்கு எரியும், அதில் ஊதா விளக்கு எரியும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு. 'ஒரு கை பிடி' தங்கள் மஞ்சள் விளக்கு மெஷினுக்கு மட்டுமே சொந்தமாக வேண்டும், அதற்குப் பிரத்யேக ஒப்பந்தம் போடலாம் என்றது நிறுவனம். பிரத்யேகம் என்றால் தனிக் கவனம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று தம்பி நினைத்தான். ஊரெல்லாம் அக்காக்களும் தம்பிகளும் பீரோ தூக்கப் போகிறார்கள் என்று அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கையெழுத்து நாளன்று நிறுவனத்தின் பெரிய கூடத்தில் முந்நூறு ஊழியர்கள் மஞ்சள் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மேடையேறினார். குட்டையான மனிதர், குரல் மட்டும் உயரம்.

"ஒரு விளையாட்டை எல்லாரும் விளையாடலாம்னா அதுல என்னங்க பெருமை இருக்கு?" என்று ஆரம்பித்தார். "பார்க் பெஞ்சுலகூடத்தான் எல்லாரும் உக்காரலாம். யாராவது பெஞ்சுக்கு விருது குடுக்கறாங்களா? ஒரு விளையாட்டோட தரம் அதை எத்தனை பேர் விளையாடறாங்கங்கிறதுல இல்ல, எத்தனை பேரால விளையாட முடியலங்கிறதுல இருக்கு. நம்ம வீட்டுல விளக்கெரியுதுன்னு நமக்குத் தெரிஞ்சா போதாது. பக்கத்து வீட்டுக்காரன் இருட்டுல உக்காந்து அதைப் பாக்கணும். அதுக்காகத்தான் நாம ராப்பகலா உழைக்கிறோம்!"

கைதட்டல் அடங்க நான்கு நிமிடம் ஆனது. தம்பியும் தட்டினான். பேச்சு அவனுக்குச் சரியாகப் புரியவில்லை, ஆனால் எல்லோரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லையே.

பிறகு பிரத்யேகத் துறை மேலாளர் வந்தார். கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மாள், ஊழியர்கள் எல்லோருக்கும் மேடம். அவர் கொடுத்தபடி தம்பி பதினாறு படிவம் நிரப்பினான். இன்னொரு நிறுவனத்தின் பெயரை இனி வாயால் சொல்லக் கூடாது, 'மறுதரப்பு' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு படிவம். ஊதா நிறம் விளையாட்டில் எங்கும் வரக் கூடாது என்று ஒரு படிவம். ஒன்பதாவது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இவ்விளையாட்டின் பிரதி வேறு எவரிடமேனும் உள்ளதா? ஆம் எனில் முகவரி தருக.'

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நம் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. புதுப் பிரதி வந்ததும் அக்காவுக்கு அனுப்பிவைப்பதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, முகவரியைத் தெளிவாக எழுதினான். அதோடு நிற்கவில்லை. 'ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார்கள். காலிங் பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டவும்' என்றும் சேர்த்து எழுதினான்.

மேடம் அதைப் படித்துவிட்டு, "ரொம்ப ஒத்துழைக்கிறீங்க சார், உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலை எவ்வளவு சுலபம்" என்றார். தம்பிக்கு வெட்கமாக இருந்தது.

முதல் மாதம் ஊதா நிறத்திலேயே போனது. பீரோவின் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஊதா, அதை எடுத்தார்கள். மாடி ஜன்னலில் தெரியும் சாயங்கால வானத்தில் லேசாக ஊதா படர்ந்திருப்பதாக ஆய்வுக் குழு எழுதியது. சாயங்காலம் அப்படித்தான் இருக்கும் என்று தம்பி பதில் எழுதினான். அப்படியானால் சாயங்காலம் நீக்கப்படலாம் என்று குழு எழுதியது. நீக்கினார்கள். இப்போது விளையாட்டில் மத்தியானத்துக்கு அடுத்தது காலைதான்.

ஒரு வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். வியாழக்கிழமை அவள் போன் செய்கிறவளே இல்லை.

"ரெண்டு பேர் வந்தாங்கடா, மஞ்சச் சட்டை போட்டுட்டு. நல்லா மரியாதையாத்தான் பேசினாங்க. ஷூவெல்லாம் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாங்க."

"எதுக்குக்கா?"

"நீ அனுப்பினேன்னாங்க. கதவைத் தட்டச் சொல்லி நீதான் எழுதிக் குடுத்தியாமே. மெஷினை ஒரு மஞ்சத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுல உன் விளையாட்டு இருக்காம், அது ஊதா விளக்கு மெஷின்ல இருக்கக் கூடாதாம். ரசீது குடுத்திருக்காங்க."

"விளையாட்டை மட்டும் அழிச்சா போதுமேக்கா. மெஷினை எதுக்கு..."

"நானும் அதான்டா கேட்டேன். தெரியாதுன்னாங்க." ரசீதை மடிக்கும் சத்தம் கேட்டது. "அதுல மாமா பேரு இருக்கு, தம்பி."

அது தம்பிக்குத் தெரியாது. அந்த மெஷின் மாமா வாங்கியது. அதைப் போட்டதும் 'யார் விளையாடுகிறீர்கள்?' என்று கேட்டு இரண்டு பெயர் காட்டுமாம், அவருடையது மேலே, அவளுடையது கீழே. இரண்டு வருடமாக அக்கா ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெயரைத் தாண்டித்தான் தன் பெயருக்கு வந்திருக்கிறாள். எப்போதாவது அவர் பெயரையே அழுத்திப் பார்ப்பாளாம். அவர் கடைசியாக ஆடிய மீன்பிடி விளையாட்டில் ஒரு படகு நின்றபடியே நிற்கும். அதை அவள் நகர்த்த மாட்டாள், பார்த்துவிட்டு அணைத்துவிடுவாள்.

"சரி, வெச்சிடறேன்" என்றாள். தன் கையால் எழுதிய முகவரியை நினைத்துத் தம்பி அன்றைக்கு முழுக்க எங்கும் நகராமல் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒப்பந்தப்படி வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டைச் சோதித்தாக வேண்டும், அதற்கு இன்னொருவர் வேண்டும். நிறுவனம் 'சான்றளிக்கப்பட்ட இரண்டாவது ஆள்' ஒருவரை ஏற்பாடு செய்திருந்தது. சட்டப் பிரிவு ஊழியர், எந்த ஊரில் இருந்து ஆடுகிறார் என்பது ரகசியம். அவருக்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் நான்கு: இடது, வலது, மேலே, கீழே. நாலு மணிக்கு அவர் பீரோவின் மேல்முனையைப் பிடித்தார். அப்படியொரு பிடியைத் தம்பி பார்த்ததில்லை. எங்கும் இடிக்கவில்லை, எங்கும் மாட்டவில்லை. அக்காவும் அவனும் முக்கால் மணி நேரம் போராடும் தூரத்தைப் பதினொரு நிமிடத்தில் முடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து பீரோ.

மூன்றாவது வாரம் தம்பி பொறுக்கமாட்டாமல், "அங்க மழையா?" என்று கேட்டான்.

யார் எது கேட்டாலும் சொல்வதற்கென்று ஒரே ஒரு வரியை அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அது என் பணி வரம்புல வராதுங்க. வலது" என்றது குரல்.

ஆறாவது வாரம், முதல் மாடித் திருப்பத்தில், அந்தக் குரல் தானாகவே மிக மெதுவாகச் சொன்னது: "சார், நீங்க நல்லா இறங்கறீங்க." தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் நல்லா பிடிக்கிறீங்க" என்றான். அடுத்த வாரம் வேறொருவர் வந்தார். முந்தையவர் அனுமதிக்கப்படாத நான்கு சொற்களைப் பயன்படுத்தியதால் கிடங்குக் கணக்கெடுப்புக்கு மாற்றப்பட்டார் என்று கடிதம் வந்தது. புதியவருக்கு இரண்டு சொற்கள்தான் அனுமதி. மேலே எது, கீழே எது என்று தம்பியே ஊகித்துக்கொண்டான்.

அதற்கு மேல் தாங்காமல் அவன் பிரத்யேகத் துறைக்கு நேரில் போனான். காத்திருக்கும் அறையில் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார்கள். அவன் டோக்கனில் ஒன்று என்று போட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டோக்கனிலும் ஒன்று. அறையில் இருந்த பதினோரு பேருக்கும் ஒன்றாம் எண்தான். யாரையும் இரண்டாவது ஆளாக நடத்துவது நிறுவனத்தின் கொள்கைக்கு விரோதமாம். "ஒன்று!" என்று கூப்பிட்டால் பதினோரு பேரும் எழுந்தார்கள். நாலாவது முறை எழுந்தபோது அவன் கதவருகில் இருந்தான், அதனால் உள்ளே போக முடிந்தது.

"உங்க அக்கா மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல சார்" என்றார் மேடம். "அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அவங்க விளையாடக் கூடாது, அவ்வளவுதான்."

"நம்ம மெஷினையே வாங்கிக்கறேன்னு சொல்றாங்க மேடம். கடையில இல்லையாம்."

"எப்படி இருக்கும்? இந்த விளையாட்டு ஓடற புது மெஷினை நாங்க இன்னும் வெளியிடவே இல்லையே. வெளியிட்டாலும் அவங்க ஊர்ல விக்கறதா இல்ல. அந்த ஊர்ல நிறைய பேர் வாங்கிடுவாங்கன்னு சர்வே சொல்லுது. அப்புறம் பிரத்யேகம் எங்க இருக்கும்?"

"சரி மேடம். விளையாட்டு வேண்டாம். அந்த மெஷினை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. அதுல மாமா பேரு இருக்கு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பைப் புரட்டினார். "ஆமா, இருக்கு. மறுதரப்புப் பயனாளர்."

"அவர் இறந்துட்டார் மேடம்."

"ஓ." மேடம் பேனாவை எடுத்துக் கோப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டார். "அப்ப மறுதரப்புல நிரந்தரமா சேந்துட்டார்னு அர்த்தம். இனிமே நம்ம பக்கம் வர வாய்ப்பே இல்ல. ரொம்பச் சிக்கலான கேஸ் சார் இது."

தம்பி எழுந்து வந்துவிட்டான். அழவேண்டும் போலிருந்தது, ஆனால் லிஃப்டில் கேமரா இருந்தது.

வருடக் கடைசியில் 'இவ்வாண்டின் ஆகப் பிரத்யேகமான விளையாட்டு' என்ற விருது 'ஒரு கை பிடி'க்குக் கிடைத்தது. விருது கொடுத்ததும் நிறுவனம்தான், வாங்கியதும் நிறுவனம்தான். தம்பிக்கு மஞ்சள் சட்டை மாட்டி மேடையில் நிறுத்தினார்கள். அவனுக்கு அக்காவிடம் இருந்து மூன்று மாதமாகப் போன் வரவில்லை. அவனும் செய்யவில்லை. என்ன சொல்லிச் செய்வது?

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நண்பர்களே, போன வருஷம் இந்த விருது வாங்கின விளையாட்டை நாலாயிரம் பேர் விளையாடியிருந்தாங்க. அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கல. இந்த வருஷம் எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல! இத்தனைக்கும் ஒரே ஒருத்தர், எங்கயோ ஒரு ஊர்ல ஒரு அம்மா, நமக்கு முன்னாடியே விளையாடிட்டிருந்தாங்க. நம்ம ஆளுங்க வீடு தேடிப் போய் அதையும் நிறுத்தினாங்க. இந்தச் சாதனையை மறுதரப்பால கனவுலகூட நெருங்க முடியுமா?"

கூடம் எழுந்து நின்று தட்டியது. தலைவர் பூரித்துப்போய்த் தம்பியின் தோளில் கை போட்டார். "இவர் என்ன கேட்டாலும் இன்னிக்குக் குடுக்கறேன். கேளுங்க தம்பி."

மூன்று மாதத்துக்குப் பிறகு யாரோ அவனைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். "எங்க அக்கா மெஷினைக் குடுத்துடுங்க சார்" என்றான். ஒலிபெருக்கியில் அது கூடம் முழுவதும் கேட்டது.

மேடம் முகம் வெளுத்தது. தலைவர் ஒரு வினாடி யோசித்தார். பிறகு கையை உயர்த்தினார். "கைப்பற்றின மறுதரப்புக் கருவியைத் திருப்பிக் குடுக்கற பெருந்தன்மை உலகத்துலயே நமக்கு மட்டும்தான் இருக்கு! இதுவும் ஒரு பிரத்யேகம்!" மறுபடி நான்கு நிமிடம் கைதட்டல்.

காப்பறை கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. உள்ளே வரிசை வரிசையாக அலமாரிகள், அவற்றில் மஞ்சள் துணி சுற்றிய மெஷின்கள், ஆயிரத்துக்குக் குறையாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தது, யாரோ ஒருவர் உண்மையான முகவரி எழுதிக் கொடுத்தது. காப்பாளர் ஏணி போட்டு ஏறி அக்காவின் மெஷினை இறக்கித் துணியைப் பிரித்துக் காட்டினார்.

"பாருங்க சார், எப்படி வெச்சிருக்கோம்னு. மூலை முடுக்கெல்லாம் துடைச்சாச்சு. உள்ளேயும் சுத்தம். கடையில புதுசா வாங்கினாகூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"உள்ளேயும்னா?"

"உள்ள இருந்ததெல்லாம் எடுத்தாச்சு சார். உங்க விளையாட்டு, மத்த விளையாட்டு, பேருங்க, எல்லாம். இந்தாங்க சான்றிதழ்."

தம்பி அலமாரியைப் பிடித்துக்கொண்டான். "எடுத்ததையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்கயும் வெக்கறதில்ல சார். இல்லாமப் போயிடும், அவ்வளவுதான்." காப்பாளர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து. மெஷினை நீங்க தூக்கிட்டுப் போகலாம், அது இருக்கற வீட்டுக்கும் போகலாம். உங்க பேரு மட்டும் இதுல வரக் கூடாது. வந்துச்சுன்னா இங்க மணியடிச்சுடும்."

ரயிலில் ஒன்பது மணி நேரமும் மெஷின் அவன் மடியில் இருந்தது. சொல்ல வேண்டியதை அவன் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒரு விதம்கூடச் சரியாக வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர், "பரிசா?" என்று கேட்டார். ஆமாம் என்றான்.

அக்கா கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். மெஷினைப் பார்த்தாள், பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"அக்கா, அதுல..." என்றான்.

"தெரியும்டா. அவங்க துணியில சுத்தும்போதே தெரிஞ்சுபோச்சு. உள்ள வா, எத்தனை நேரம் அதைத் தூக்கிட்டு நிப்ப."

டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். கையில் டம்ளரைத் தவிர ஒன்றும் இல்லாததால் பேச்சும் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள், ஆச்சு என்றான். அவளுக்குச் செய்ததை நினைத்து அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. மன்னிச்சுடுக்கா என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல், டீ நல்லா இருக்கு என்றான்.

கடைசியில் அக்காவே எழுந்து மெஷினை டிவியில் மாட்டினாள். ஊதா விளக்கு எரிந்தது. திரையில், 'வருக! உங்கள் பெயர் என்ன?' என்று வந்தது. அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தாள். மெஷின் மகிழ்ச்சி என்றது. பிறகு அடுத்த கேள்வி கேட்டது.

'இந்த வீட்டில் உங்களுடன் விளையாட வேறு யாராவது இருக்கிறார்களா?'

கீழே 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு கட்டங்கள். தம்பியின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அக்கா கட்டத்தை நகர்த்தி 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

அழுத்திய பிறகு அவன் பக்கம் திரும்பி, சமாதானம் சொல்வதுபோலச் சொன்னாள்: "உன் பேரைப் போட்டா உனக்கு ஏதாவது பிரச்சினை பண்ணுவாங்கல்ல? அதான்டா."

தம்பி, ஆமாக்கா என்றான்.